கானி மேக் வெண்கலச் சிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பேஸ்பால் அரங்கத்துக்கு வெளியே, சூட் அணிந்த ஒல்லியான முதியவர் ஒருவரின் வெண்கலச் சிலை நிற்கிறது. உயர்த்திய கையில் ஒரு தாள். மட்டையும் இல்லை, பந்தும் இல்லை. அந்த நகரத்தில் வசிக்கும் தமிழர்களும் சுற்றுலாவாக வருபவர்களும் இந்தச் சிலையைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டிருக்கிறது.

இவர் யார்?

கானி மேக். இயற்பெயர் கார்னீலியஸ் மெக்கில்லிகடி. அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1862 டிசம்பர் 22 அன்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஈஸ்ட் புரூக்ஃபீல்டு என்ற சிற்றூரில் பிறந்தார். இளமையில் கேட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவராக, விளையாடினார். பிட்ஸ்பர்க் அணிக்கு மூன்று ஆண்டுகள் மேலாளராக இருந்தார். பேஸ்பாலின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் 1901இல் பெரிய லீக்காகத் தொடங்கியபோது பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணியின் மேலாளரானார். 1950 வரை, தொடர்ச்சியாக ஐம்பது பருவங்கள், அந்தப் பொறுப்பிலேயே இருந்தார். விலகியபோது அவருக்கு வயது 87. 1956 பிப்ரவரியில் காலமானார்.

பேஸ்பாலில் மேலாளர் என்றால் அலுவலக வேலையா?

இல்லை. தமிழில் மேலாளர் என்றதும் வங்கி மேலாளர் நினைவுக்கு வந்துவிடுகிறார், இது வேறு. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரை மாற்றுவது, பீல்டர்களை நிறுத்துவது எல்லாம் களத்தில் நிற்கும் கேப்டனின் வேலை. பேஸ்பாலில் அந்த அதிகாரம் முழுவதும் மேலாளருடையது. ஆடும் ஒன்பது பேர் யார், எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, எந்த நேரத்தில் பிட்சரை (பந்தை எறிபவரை) வெளியே எடுப்பது, அடுத்த தளத்துக்கு ஓடச் சொல்வதா நிற்கச் சொல்வதா என்பதையெல்லாம் அவர்தான் தீர்மானிக்கிறார். களத்தின் ஓரத்தில் இருக்கும் டக்அவுட்டில் உட்கார்ந்துகொண்டு சைகைகளால் ஆட்டத்தை நடத்துகிறார்.

மேக்கின் காலத்தில் பொறுப்பு இன்னும் பெரியது. வீரர்களைக் கண்டுபிடிப்பது, வாங்குவது, விற்பது, சம்பளம் பேசுவது என இன்று தனித்தனி அதிகாரிகள் பார்க்கும் வேலைகளையும் அவரே செய்தார்.

மற்ற மேலாளர்கள் சீருடை அணிகிறார்களே, இவர் மட்டும் ஏன் சூட்டில் இருக்கிறார்?

சிலையில் இருப்பது அவருடைய உண்மையான தோற்றம். பேஸ்பாலில் மேலாளரும் அணிச் சீருடை அணிவது பழைய வழக்கம், இன்றும் தொடர்கிறது. மேக் அதைப் பின்பற்றவில்லை. விறைப்பான காலர், டை, கோட்டு, கோடைக்காலமானால் வைக்கோல் தொப்பி என்று அலுவலகம் போகிறவரைப் போலவே டக்அவுட்டில் உட்கார்ந்திருப்பார். பிட்சரை மாற்ற வேண்டுமென்றால் சீருடை அணிந்த உதவிப் பயிற்சியாளரைத்தான் களத்துக்குள் அனுப்புவார்.

வீரர்கள் அவரை "மிஸ்டர் மேக்" என்றே அழைத்தார்கள். நடுவரைத் திட்டுவதும் வீரர்களை எல்லோர் முன்னிலையிலும் வசைபாடுவதும் சாதாரணமாக நடந்த காலம் அது. மேக் குரல் உயர்த்தாதவர் என்று பெயர் எடுத்தார். அந்த உடை அவருடைய குணத்தோடு சேர்ந்தே மக்கள் மனத்தில் பதிந்தது. அவரைச் சிலையாக வடிக்கிறவர் சீருடை மாட்டிவிட்டிருந்தால் பிலடெல்பியாவில் ஒருவருக்கும் அடையாளம் தெரிந்திருக்காது.

கையில் இருக்கும் தாள் என்ன?

ஸ்கோர்கார்டு. ஒவ்வொரு மட்டையாளரின் முறையிலும் என்ன நடந்தது என்று கட்டம் கட்டமாகக் குறித்துவைக்கும் அட்டை. மேக் அதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, களத்தின் தொலைவில் நிற்கும் அவுட்ஃபீல்டர்களுக்கு இடது பக்கம் நகரு, பின்னால் போ என்று அதை அசைத்தே சைகை காட்டுவார். எதிரணியின் மட்டையாளர் முன்பு எந்தப் பக்கம் அடித்தார் என்ற கணக்கு அவர் நினைவில் இருக்கும். அதை வைத்து பீல்டரைச் சில அடி நகர்த்துவார். இன்றைய அணிகள் கணினித் தரவுகளை வைத்துச் செய்யும் அதே வேலைதான்.

ஒரு மேலாளர் உழைப்பதைக் காட்டுவது எளிதல்ல. பிட்சர் என்றால் கையைச் சுழற்றலாம், பேட்டர் என்றால் மட்டையை வீசலாம். உட்கார்ந்து யோசிப்பவரை எப்படி வடிப்பது? உயர்த்திய கையில் ஸ்கோர்கார்டைக் கொடுத்ததில் சிற்பி அந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டார் என்பது என் கருத்து. அவர் யாருக்கோ ஏதோ சொல்கிறார் என்பது ஆட்டமே தெரியாதவருக்கும் புரிகிறது.

சிற்பி யார்? எப்போது நிறுவப்பட்டது?

பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹாரி ரோசின். அதே நகரத்தின் ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் இருக்கும் படகுவீரர் ஜான் கெல்லியின் சிலையும் இவர் செய்ததுதான். மேக் சிலை 1957இல், அவர் இறந்த மறு ஆண்டில் திறக்கப்பட்டது. இன்று அமெரிக்க அரங்கங்களின் வாசல்களில் வரிசையாகச் சிலைகள் நிற்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 1990களுக்குப் பிறகு வந்தவை. விளையாட்டு மேலாளர் ஒருவருக்கு 1957லேயே பொது இடத்தில் சிலை வைத்தது அரிய செயல்.

சிலை இப்போது நிற்கும் இடத்தில்தான் முதலில் வைத்தார்களா?

இல்லை, மூன்றாவது இடம் இது.

முதலில் வட பிலடெல்பியாவில், லீஹை அவென்யூவில் இருந்த ரேபர்ன் பூங்காவில் நின்றது. எதிரே மேக் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவழித்த ஷைப் பார்க் அரங்கம். 1909இல் திறக்கப்பட்ட அந்த அரங்கம், எஃகும் கான்கிரீட்டும் கொண்டு கட்டப்பட்ட முதல் பெரிய பேஸ்பால் அரங்கம். அதற்கு முன்பு மரத்தால் கட்டப்பட்ட அரங்கங்கள் தீப்பிடித்து எரிவது வாடிக்கையாக இருந்தது. 1953இல் ஷைப் பார்க்குக்கு "கானி மேக் ஸ்டேடியம்" என்று பெயர் மாற்றினார்கள்.

1970இல் அங்கே கடைசி ஆட்டம் நடந்தது. மறு ஆண்டு நகரின் தென்கோடியில் வெட்டரன்ஸ் ஸ்டேடியம் திறந்ததும் சிலையும் அங்கே கொண்டுபோகப்பட்டது. வெட்டரன்ஸ் ஸ்டேடியம் 2004 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பக்கத்திலேயே எழுந்த சிட்டிசன்ஸ் பேங்க் பார்க் அரங்கத்துக்கு வெளியே இப்போது நிற்கிறது.

பிட்ஸ்பர்க்கிலும் இதே கதை நடந்தது. ஹோனஸ் வாக்னர் என்ற மாபெரும் வீரரின் சிலை 1955இல் ஒரு பூங்காவில் திறக்கப்பட்டு, பிறகு அரங்கம் மாறும்போதெல்லாம் கூடவே மாறி, இன்று பிஎன்சி பார்க் வாசலில் இருக்கிறது. அரங்கங்களின் ஆயுள் முப்பது, அறுபது ஆண்டுகள்தான். வெண்கலத்தின் ஆயுள் அதைவிடப் பல மடங்கு.

இப்போது அங்கே விளையாடுவது பில்லீஸ் அணி. மேக் அத்லெட்டிக்ஸ்காரர். வேறு அணியின் மேலாளர் சிலை எப்படி அங்கே வந்தது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

ஒரு காலத்தில் பிலடெல்பியாவில் இரண்டு பெரிய அணிகள் இருந்தன: அமெரிக்கன் லீக்கில் அத்லெட்டிக்ஸ், நேஷனல் லீக்கில் பில்லீஸ். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கோப்பைகளை வென்றது அத்லெட்டிக்ஸ்தான். பில்லீஸ் பெரும்பாலும் அட்டவணையின் அடியில் கிடந்தது. 1938 முதல் பில்லீஸ் ஷைப் பார்க்குக்கே குடிவந்து, அத்லெட்டிக்ஸின் அரங்கத்தில் வாடகைக்கு ஆடியது.

பிறகு நிலைமை தலைகீழானது. மேக்கின் மகன்கள் 1950இல் குடும்பத்துக்குள் நடந்த பங்குச் சண்டையில் அரங்கத்தை அடகுவைத்துக் கடன் வாங்கினார்கள். கூட்டம் குறைந்தது, கடனை அடைக்க முடியவில்லை. 1954 பருவம் முடிந்ததும் அணி விற்கப்பட்டு கான்சாஸ் சிட்டிக்குப் போய்விட்டது. 1968இல் அங்கிருந்து ஓக்லண்ட். 2025 முதல் தற்காலிகமாகக் கலிபோர்னியாவின் வெஸ்ட் சாக்ரமென்டோவில் ஆடுகிறது. அடுத்து லாஸ் வேகாஸ் போகத் திட்டம். அத்லெட்டிக்ஸ் போன பிறகு அரங்கத்தைப் பில்லீஸ் வாங்கிக்கொண்டது.

மேக் இறக்கும்போது அவருடைய அணி நகரத்தை விட்டுப் போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆகவே 1957இல் சிலை வைத்தபோதே அது ஊரில் இல்லாத அணியின் மேலாளருக்கு வைத்த சிலைதான். ஒரு அணி தன் வியாபாரத்துக்காக வைத்த சிலை அல்ல என்பதால்தான் அதன்மேல் எனக்குத் தனி மதிப்பு. கான்சாஸ் சிட்டியோ ஓக்லண்டோ அதைக் கேட்டு எடுத்துப் போகவில்லை. அந்த மனிதர் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து உழைத்த ஊர் அவரை வைத்துக்கொண்டது.

அதிகத் தோல்விகளைச் சந்தித்த மேலாளரும் இவர்தானாமே?

ஆம். 3,731 வெற்றிகள், 3,948 தோல்விகள். இரண்டுமே சாதனைகள், வெற்றியில் முதலிடம், தோல்வியிலும் முதலிடம். இரண்டு லீக்குகளின் முதலிட அணிகள் மோதும் இறுதித் தொடரான உலகத் தொடரை ஐந்து முறை வென்றார்: 1910, 1911, 1913, 1929, 1930. ஒன்பது முறை அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்தார். பதினேழு முறை கடைசி இடத்தில் முடித்தார்.

இதைச் சொன்னதும் சிலர், வெற்றியைவிடத் தோல்வி அதிகமுள்ளவருக்கு எதற்குச் சிலை என்று கேட்கிறார்கள். ஐம்பத்து மூன்று பருவங்கள் ஒருவர் வேலை செய்தால் கணக்கு அப்படித்தான் அமையும் என்று சொல்லி நான் தப்பிக்க மாட்டேன். அந்தத் தோல்விகளில் பெரும்பகுதிக்கு அவருடைய முடிவுகளே காரணம். அது அடுத்த கேள்வியில் வருகிறது.

வெற்றி அணியை அவரே கலைத்தார் என்பது உண்மையா?

உண்மை. அதுவும் இரண்டு முறை.

முதல் முறை 1914. நான்கு ஆண்டுகளில் மூன்று கோப்பைகள் வென்றிருந்த அணி அந்த ஆண்டு உலகத் தொடரில் பாஸ்டனிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. அதே நேரத்தில் ஃபெடரல் லீக் என்ற புதிய போட்டி லீக் பெரிய சம்பளம் காட்டி வீரர்களை இழுத்தது. சீஃப் பெண்டர், எடி பிளாங்க் என்ற இரண்டு நட்சத்திர பிட்சர்கள் அங்கே போனார்கள். உயர்ந்த சம்பளத்துக்கு ஈடுகொடுக்க மேக் விரும்பவில்லை. அணியின் உயிர்நாடியான எடி காலின்ஸை 50,000 டாலருக்குச் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு விற்றார். 1914இல் 99 ஆட்டங்களை வென்ற அணி, 1915இல் 43 மட்டுமே வென்றது. 1916இல் 36 வெற்றி, 117 தோல்வி. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கடைசி இடம்.

இரண்டாம் முறை பொருளாதாரப் பெருமந்தத்தின்போது. 1929 முதல் 1931 வரை மூன்று ஆண்டுகள் லீக்கில் முதலிடம் பிடித்த அந்த அணியில் லெஃப்டி குரோவ், ஜிம்மி ஃபாக்ஸ், மிக்கி காக்ரன், அல் சிம்மன்ஸ் என நான்கு பேர் பின்னாளில் பேஸ்பால் புகழரங்கில் இடம்பெற்றார்கள். வேலையிழந்த நகரத்தில் டிக்கெட் வாங்க ஆளில்லை. வங்கிக் கடன் நெருக்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடத்தப் பென்சில்வேனியாவில் சட்டப்படி 1934 வரை அனுமதியில்லை என்பதால் அந்த வசூலும் கிடையாது. 1932க்கும் 1935க்கும் இடையில் நால்வரையும் விற்றுவிட்டார்.

மேக்கிடம் பேஸ்பாலைத் தவிர வேறு தொழிலோ சொத்தோ இல்லை என்பது உண்மை. மதுபான ஆலையோ தொழிற்சாலையோ வைத்திருந்த மற்ற உரிமையாளர்களைப் போல நஷ்டத்தை வேறிடத்திலிருந்து ஈடுகட்ட அவரால் முடியாது. இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 1935க்குப் பிறகு அவர் அணியை மீண்டும் கட்டவில்லை. மற்ற அணிகள் சிறு லீக்குகளில் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் அமைப்புகளில் பணம் போட்டபோது அவர் பின்தங்கினார். அதே 1935இல் ஷைப் பார்க்கின் வலதுபக்கச் சுவருக்கு மேல் உயரமான நெளிதகடு வேலி எழுப்பினார்கள். 20ஆம் தெரு வீட்டுக்காரர்கள் தங்கள் மொட்டை மாடியில் ஆட்களை உட்காரவைத்துக் காசு வாங்கி ஆட்டம் காட்டியதைத் தடுக்கத்தான் அந்த வேலி. அரங்கத்தைச் சுற்றி வாழ்ந்த மக்களுக்கு அது நெடுநாள் மனக்கசப்பைத் தந்தது. சிலையின் முன் நிற்கிறவர் இதையும் தெரிந்துகொண்டு நிற்பதே நல்லது.

அப்படியானால் அவருடைய திறமை எங்கே தெரிந்தது?

1929 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தைச் சொல்கிறேன். எதிரணி சிகாகோ கப்ஸ். மேக்கிடம் அந்த ஆண்டு 24 வெற்றி பெற்ற ஜார்ஜ் எர்ன்ஷாவும் 20 வெற்றி பெற்ற குரோவும் இருந்தார்கள். இருவரில் ஒருவர் பந்து வீசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

மேக் வேறு கணக்குப் போட்டிருந்தார். ஹவர்ட் எம்கே என்ற 35 வயது பிட்சரை அணியிலிருந்து விடுவிக்க இருந்தார். எம்கே, தன்னிடம் இன்னும் ஒரு நல்ல ஆட்டம் மிச்சமிருக்கிறது என்று சொன்னார். கப்ஸ் அணி கிழக்குக் கரைக்கு வந்து ஆடிய நாட்களில், அணியோடு பயணம் செய்யாமல் தங்கியிருந்து அவர்களுடைய ஆட்டங்களைக் கவனிக்கும்படி மேக் அவரை அனுப்பினார். கப்ஸின் முக்கிய பேட்டர்கள் ராஜர்ஸ் ஹார்ன்ஸ்பி, ஹாக் வில்சன், கிக்கி கைலர் எல்லோரும் வலக்கை ஆட்டக்காரர்கள்; வேகப் பந்தை விளாசுபவர்கள். எம்கே வலக்கை பிட்சர்; வேகம் குறைவு, பக்கவாட்டிலிருந்து எறிபவர்.

அக்டோபர் 8 அன்று எம்கே மைதானத்தில் பந்தைப் போட்டுப் பழகத் தொடங்கியபோது சொந்த அணி வீரர்களே திகைத்தார்கள். அன்று அவர் 13 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே ஆட்டமிழக்க வைத்தார். உலகத் தொடரில் அது அப்போது புதிய சாதனை. 1953 வரை நிலைத்தது. அத்லெட்டிக்ஸ் 3–1 என்று வென்றது.

நான்காவது ஆட்டத்தில் 0–8 என்று பின்தங்கியிருந்த அத்லெட்டிக்ஸ், ஏழாவது இன்னிங்ஸில் மட்டும் பத்து ரன் எடுத்து 10–8 என்று வென்றது. அதில் மியூல் ஹாஸ் அடித்த பந்தை வில்சன் கண்ணில் வெயில் பட்டுத் தவறவிட, மூன்று ரன் வந்தது. இதை மேலாளரின் கணக்கில் எழுத முடியாது. எம்கே ஆட்டத்தை எழுதலாம். முழுக்க மேக்கின் தலையில் உருவானது அது.

கறுப்பின வீரர்கள் விஷயத்தில் அவருடைய நிலை என்ன?

அவருடைய ஐம்பது ஆண்டுகளில் அத்லெட்டிக்ஸ் அணியில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் ஆடி, கறுப்பினத்தவரைப் பெரிய லீக்குகளில் சேர்க்காத நிறத்தடையை உடைத்த பிறகும், மேக் மேலாளராக இருந்த எஞ்சிய ஆண்டுகளில் நிலைமை மாறவில்லை. அணியின் முதல் கறுப்பின வீரர் பாப் டிரைஸ் 1953 செப்டம்பரில்தான் களமிறங்கினார்.

பில்லீஸ் இதைவிடத் தாமதம். அதன் முதல் கறுப்பின வீரர் ஜான் கென்னடி ஆடியது 1957 ஏப்ரலில், நேஷனல் லீக்கில் எல்லா அணிகளுக்கும் கடைசியாக. சிலை நிறுவப்பட்டதும் அதே ஆண்டுதான். வட பிலடெல்பியாவில் அரங்கத்தைச் சுற்றிக் கறுப்பின மக்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. மேக்கைக் கனவான் என்று போற்றும் எழுத்துகளில் பெரும்பாலானவை இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. தாண்டக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஏழு ஆண்டுகள் கடைசி இடத்தில் இருந்தும் அவரை ஏன் யாரும் நீக்கவில்லை?

நீக்கும் அதிகாரம் அவரிடமே இருந்தது. தொடக்கத்திலிருந்தே அவர் அணியின் பங்குதாரர். பிறகு பாதிப் பங்கு, பின்னாளில் அதற்கும் மேல்.

அவருடைய வெற்றிச் சாதனையை யாராவது முறியடிப்பார்களா?

வாய்ப்பே இல்லை என்று துணிந்து சொல்லலாம். இரண்டாம் இடத்தில் இருக்கும் டோனி லா ரூசா 800க்கும் மேற்பட்ட வெற்றிகள் பின்தங்கி ஓய்வுபெற்றார். ஆண்டுக்கு 90 ஆட்டங்கள் வெல்லும் மிகச் சிறந்த மேலாளருக்கும் 3,731ஐத் தாண்ட நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். இன்றைய அணிகள் இரண்டு மூன்று மோசமான பருவங்களுக்கே மேலாளரை மாற்றிவிடுகின்றன. தோல்விச் சாதனையும் அதே காரணத்தால் பாதுகாப்பாக இருக்கிறது.

அத்லெட்டிக்ஸ் சின்னத்தில் யானை இருக்கிறதே, அதற்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1902இல் நியூயார்க் ஜெயன்ட்ஸ் மேலாளர் ஜான் மெக்ரா, அத்லெட்டிக்ஸ் அணியை வெள்ளை யானை என்று இளக்காரமாகப் பேசினார். பணத்தைத் தின்று தீர்க்கும், பயன் தராது என்று பொருள். மேக் அந்த யானையையே அணியின் சின்னமாக எடுத்துக்கொண்டார். கான்சாஸ் சிட்டியில் 1960களில் கோவேறு கழுதை அதன் இடத்தைப் பிடித்தாலும், 1980களில் யானை திரும்பி வந்துவிட்டது.

வேறு பேஸ்பால் மேலாளர்களுக்கும் சிலைகள் உண்டா?

உண்டு. பால்டிமோர் கேம்டன் யார்ட்ஸில் ஏர்ல் வீவர், அட்லாண்டா ட்ரூயிஸ்ட் பார்க்கில் பாபி காக்ஸ் ஆகியோருக்கு வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. இரண்டும் 2010க்குப் பிறகு வந்தவை.

வெளியில் நிற்கும் வெண்கலம் ஏன் கறுத்து, பச்சை படிகிறது?

வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு. மழை, காற்றிலுள்ள கந்தகம், பறவை எச்சம் ஆகியவை செம்போடு வினைபுரிவதால் முதலில் பழுப்பும் பிறகு பச்சையும் படிகின்றன. வார்த்தவுடன் சூடுகாட்டி ரசாயனம் பூசிச் சீரான பழுப்பு நிறம் கொடுப்பார்கள். அதைக் காப்பாற்ற அவ்வப்போது மென்மையான சோப்பு நீரால் கழுவி மெழுகு பூச வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்குவது தவறு, நிறப்பூச்சு போய்விடும்.

சிலையைப் பார்க்க எப்படிப் போவது? டிக்கெட் வேண்டுமா?

டிக்கெட் வேண்டியதில்லை, சிலை அரங்கத்துக்கு வெளியே இருக்கிறது. நகர மையத்திலிருந்து பிராட் ஸ்ட்ரீட் சப்வேயில் தெற்கு நோக்கிப் போய்க் கடைசி நிலையத்தில் இறங்கினால் சிறிது தூர நடை. ஆட்டம் இல்லாத நாளில் போனால் நின்று நிதானமாகப் பார்க்கலாம். பில்லீஸ் வீரர்களான மைக் ஷ்மிட், ஸ்டீவ் கார்ல்டன், ராபின் ராபர்ட்ஸ் ஆகியோரின் சிலைகளும் அரங்கத்தைச் சுற்றியே இருக்கின்றன. அவர்கள் மூவரும் சீருடையில் இருக்கிறார்கள், மேக்கின் சிலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையாக இருக்கும்.

பழைய ஷைப் பார்க் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?

1971இல் தீப்பிடித்து, 1976இல் அரங்கம் இடிக்கப்பட்டது. லீஹை அவென்யூவும் 21ஆம் தெருவும் சந்திக்கும் அந்த இடத்தில் இன்று டெலிவரன்ஸ் எவாஞ்சலிஸ்டிக் சர்ச் என்ற பெரிய தேவாலயம் இருக்கிறது. அரங்கத்தின் வரலாற்றைச் சொல்லும் பெயர்ப்பலகை ஒன்றும் அங்கே உண்டு. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க விரும்புகிறவர்கள் அதே பிராட் ஸ்ட்ரீட் சப்வேயில் வடக்கே போய், நார்த் பிலடெல்பியா நிலையத்தில் இறங்கி மேற்கு நோக்கிச் சில தெருக்கள் நடந்தால் போதும்.